யாரையும் தெரியாத மாணவருக்காக: பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாலிடெக்னிக் கல்லூரி முதல்வர்களுக்கும், கணினிப் பொறியியல் துறைத் தலைவர்களுக்கும், வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, 19 ஆண்டுகளாக நெட்வொர்க் துறையில் பணியாற்றி வருபவன். இப்போது சென்னையில் ஒரு குழுவுக்குப் பொறுப்பு வகிக்கிறேன்; புதிதாக வேலை தேடி வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். ஆண்டுதோறும் உங்கள் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்கள் பலரோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறேன். அந்த உரையாடல்களில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மௌனங்களைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நெட்வொர்க்கில் தகவல் கடக்கும் படிகளை விளக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளைக் கேட்டால் மாணவர்கள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். "மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு கணினியிலிருந்து இரண்டாவது மாடிப் பிரிண்டருக்கு எதுவும் போகவில்லை, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவீர்கள்?" என்று கேட்டால் முதல் மௌனம் வருகிறது. கேபிள் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா, கணினிகளை ஒன்றிணைக்கும் சுவிட்ச் பெட்டியின் போர்ட்டில் (செருகுமிடத்தில்) விளக்கு எரிகிறதா, கணினியின் அடையாள எண்ணான ஐபி முகவரி கிடைத்திருக்கிறதா, வெளியே போகும் வாசலான கேட்வேக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி போகிறதா என்று கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறிப் பார்ப்பதற்கு அந்த ஏழு அடுக்குகள் உதவும் என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. சரி, போகட்டும் என்று அடுத்ததாக, "உங்களுக்கு விடை பிடிபடவில்லை என்றால் யாரிடம் கேட்பீர்கள்?" என்கிறேன். இரண்டாவது மௌனம் முதலாவதைவிட நீளமானது. "கூகுளில் தேடுவேன் சார்" என்பார் சிலர். எந்த ஆளைக் கேட்பீர்கள் என்று மறுபடி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மூன்று ஆண்டுகள் கணினிப் பொறியியல் படித்தவரிடம், இந்தத் துறையில் வேலை பார்க்கும் ஒரே ஒரு மனிதரின் தொலைபேசி எண்கூட இல்லை.

நெட்வொர்க்கிங் என்ற சொல் நம் கல்லூரிகளில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஓரிடத்தில் அது கணினிகளை இணைப்பது பற்றிய ஒரு தாள். தேர்வு எழுதித் தேற வேண்டியது. இன்னோரிடத்தில் அது ஆட்களோடு பழகித் தொடர்பு வளர்ப்பது பற்றி இறுதியாண்டில் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு நடுவே அரை மணி நேரம் பேசப்படும் ஒரு அறிவுரை. லிங்க்டின் என்ற வேலைத்தொடர்புத் தளத்தில் கணக்கு தொடங்குங்கள், புன்னகையோடு கை குலுக்குங்கள் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. முதலாவதைக் கற்றுத் தருபவருக்கும் இரண்டாவதைப் பற்றிப் பேசுபவருக்கும் தொடர்பே இருப்பதில்லை. இவை இரண்டையும் பிரித்தது தவறு என்றும், இரண்டையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே ஆசிரியரின் கண்காணிப்பில் கற்றுத் தர வேண்டும் என்றும் நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்த கல்லூரியில் இரண்டு ரவுட்டர்களும் ஒரு நல்ல சுவிட்சும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தன. நான்கு மணிக்கு ஆய்வகம் மூடப்படும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று எட்டுக் கம்பிகளை வரிசைப்படுத்தி, கேபிள் முனையில் வைத்து அழுத்தி கிரிம்ப் செய்யக் கற்றுக்கொண்டோம். அதைப் படமாக வரைந்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கினோம். அந்தக் கேபிளைச் செருகிய பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் பார்க்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதத்தில், ஓர் ஆலையின் அலுவலகத்தில் நெட்வொர்க் மொத்தமும் நின்றுபோனது. அன்று பொறுப்பில் இருந்தவன் நான் ஒருவன் மட்டுமே. மூன்று மணி நேரம் ஒவ்வொரு கணினியாகப் பிங் அடித்துப் பார்த்தேன். கணக்கர்கள் சம்பளப் பட்டியல் போட முடியாமல் என்னைச் சுற்றி நின்றார்கள்.

கடைசியில் நான் அழைத்தது இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் லைன்மேன் ஒருவரை. அவர் என் உறவினரும் அல்லர், நண்பரும் அல்லர். இரண்டு முறை லைன் பழுதுபார்க்க வந்தபோது ஒன்றாகத் தேநீர் குடித்த பழக்கம், அவ்வளவுதான். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "சுவிட்ச்ல எல்லா லைட்டும் ஒண்ணா வேகமா மின்னுதா தம்பி? அப்ப லூப்புதான். ஒவ்வொரு கேபிளா கழட்டிப் பாரு, எதைக் கழட்டுனா அடங்குதோ அதுதான்." பதினோராவது கேபிளில் அடங்கியது. மேசையைத் துடைத்தவர் யாரோ, கீழே தொங்கிய கேபிளின் மறுமுனையையும் அதே சுவிட்சில் செருகிவிட்டிருந்தார். எல்லாக் கணினிகளுக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் செய்தி உள்ளே போய், சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறு எந்தத் தகவலுக்கும் வழியில்லாமல் அடைத்துவிட்டது. இத்தகைய சுழலைத் தடுப்பதற்கென்றே ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ முறையைப் பற்றி நான் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருந்தேன். அந்த மலிவு சுவிட்சில் அது இல்லை என்பதும், இல்லாவிட்டால் விளக்குகள் எப்படி மின்னும் என்பதும் எனக்குத் தெரியாது. அன்று என் வேலையைக் காப்பாற்றியவை இரண்டு: அந்த லைன்மேனின் அனுபவம், அவரை எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் இன்று இந்தத் துறையில் இருந்திருப்பேனா என்பது ஐயமே.

இது என் ஒருவனுடைய கதையாக மட்டும் இருந்தால் பொதுவில் எழுத மாட்டேன். இணையமே இப்படித்தான் ஓடுகிறது. அதன் அடிப்படைத் தொழில்நுட்ப விதிகள் பல எழுதப்பட்டிருக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 'கருத்துகள் வேண்டப்படுகின்றன' என்பது அதன் பொருள். முதல் ஆவணத்தை 1969 ஏப்ரல் 7 அன்று எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அப்போது லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர். தாங்கள் எழுதுவதை முடிந்த முடிவு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது, பிறர் தயங்காமல் திருத்தம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தப் பணிவான பெயரை வைத்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. தெரியாததை வெளிப்படையாகக் கேட்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணம். நம் மாணவர்களோ கேள்வி கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள்.

பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணைந்து தகவலைக் கைமாற்றிக்கொள்வதைப் பியரிங் என்கிறோம். பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2011இல் இத்தகைய 1,42,210 இணைப்பு ஒப்பந்தங்களை ஆராய்ந்தபோது, எழுத்து வடிவில் ஒப்பந்தப் பத்திரம் போடப்பட்டவை 698 மட்டுமே என்று தெரியவந்தது. மற்ற அனைத்தும் இரு பக்கத்துப் பொறியாளர்கள் பேசி, வாய்மொழியாக ஒத்துக்கொண்டவை. உலகின் செய்தியும் வணிகமும் அரசு நிர்வாகமும் ஓடும் பாதைகள், பெரும்பாலும் ஒருவர் மற்றவரை நம்பியதால் திறந்திருக்கும் பாதைகள் என்பதை ஒரு மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். தான் படிப்பது வெறும் கம்பியும் பெட்டியும் பற்றிய பாடம் அன்று என்பது அவருக்கு அப்போது விளங்கும்.

அந்த நம்பிக்கை பிசகும்போது என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தம் நாட்டுக்குள் முடக்க வேண்டும் என்ற அரசு ஆணைப்படி பாகிஸ்தான் டெலிகாம் செய்த பிஜிபி அறிவிப்பு (எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்வது), எல்லை தாண்டிக் கசிந்து, உலகெங்கும் யூடியூபுக்குப் போக வேண்டிய தகவலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. கசிவுக்கு இடம் கொடுத்த மேல்நிலை நிறுவனம் தன் பக்கத்தில் அந்த அறிவிப்பை நிறுத்திய பிறகுதான் நிலைமை சீரானது. இத்தகைய நேரத்தில் அடுத்த நிறுவனத்தின் பொறுப்பாளரை உடனே தொலைபேசியில் பிடிக்க முடிகிறதா என்பதே பெரிய கேள்வி. 2014இல் தொடங்கப்பட்ட மேனர்ஸ் (MANRS) என்ற பொது உடன்பாடு நெட்வொர்க் நடத்துவோருக்கு விதிக்கும் கடமைகளில் ஒன்று, பிறர் தம்மை அழைப்பதற்கான தொடர்பு விவரங்களை எப்போதும் சரியாக வைத்திருப்பது. தவறான பாதை அறிவிப்புகளை வடிகட்டுவதற்கு ஈடான இடத்தில், அழைத்தால் கிடைக்கும் தொலைபேசி எண்ணையும் அந்த உடன்பாடு வைத்திருக்கிறது.

இனி, இத்தகைய அறிமுகம் யாருக்கு வாய்க்கிறது என்ற இடத்துக்கு வருகிறேன். என் மனத்தை அதிகம் அழுத்துவது இதுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. மற்ற அனைவருக்கும் வழி காட்டியவர்கள் எப்போதாவது பார்க்கும் அறிமுகமானவர்கள். காரணம் எளியது. நம் நெருங்கிய உறவினருக்கும் நண்பருக்கும் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கே தெரிந்த செய்தி. புதிய செய்தி சற்று எட்ட இருப்பவரிடமிருந்துதான் வரும். 2022இல் லிங்க்டின் பயனர் 2 கோடிப் பேரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வும், மிக நெருக்கமும் இல்லாமல் முற்றிலும் அந்நியமாகவும் இல்லாமல் இடைப்பட்டு நிற்கும் அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகின்றன என்று கண்டது.

இப்போது உங்கள் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவர்களில் பலர் குடும்பத்தில் முதல் தலைமுறையாகத் தொழில்நுட்பம் படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு உறவு குறைவில்லை. சித்தப்பா, பெரியம்மா, தாய்மாமன், ஊர்க்காரர் என்று நூறு பேர் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். ஆனால் அந்த நூறு பேரும் வயலிலோ தறியிலோ கட்டட வேலையிலோ இருக்கிறார்கள். அவர்கள் பாசத்தில் குறை இல்லை. ஒரு டேட்டா சென்டரின் வாசல் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. மாமா ஐடி நிறுவனத்தில் மேலாளராக இருக்கும் மாணவருக்கு, கல்லூரியில் சேர்வதற்கு முன்பே எந்தச் சான்றிதழ் படிக்க வேண்டும், எதைப் படித்துக் காசை வீணாக்கக் கூடாது என்பதெல்லாம் வீட்டுக் கூடத்திலேயே காதில் விழுந்துவிடுகிறது. சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏவுக்குத் தேர்வுக் கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அதை எப்போது எழுதுவது, எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டுத் தெளிய ஓர் ஆள் இல்லாத மாணவர், கடன் வாங்கிக் கட்டி, ஆயத்தம் போதாமல் தோற்றுவிட்டு வருவதை நான் கண்டிருக்கிறேன்.

நம் ஊரில் அறிமுகங்கள் பெரும்பாலும் சாதியின் வழியாகவும் சொந்தத்தின் வழியாகவும் ஓடுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரி தலையிடாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் வாய்க்காலில்தான் தண்ணீர் போகும். மாணவியரின் நிலை இன்னும் கடினம். எனக்கு அந்த லைன்மேனின் பழக்கம் ஒரு தேநீர்க் கடையில் கிடைத்தது. அதே ஊரில் என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கடை வாசலில் நிற்பதே இயலாத காரியம். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரரான அவர் இரண்டே ஆண்டுகளில் துறையை விட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் உங்களில் சிலர், "மாணவர்களைச் சிபாரிசு பிடிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கக்கூடும். நியாயமான ஐயம். சிபாரிசு என்ற சொல்லின் மீது நேர்மையானவர்களுக்கு இருக்கும் வெறுப்பு எனக்கும் உண்டு. சிபாரிசு என்பது, தகுதியைப் பார்க்காதே என்று கேட்பது. அறிமுகம் என்பது, தகுதியைப் பார்ப்பதற்கு ஒரு முறை கண்ணைத் திருப்பு என்று கேட்பது. நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, "யாரிடமும் போய் நிற்காதே" என்று பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். தன்மானம் உள்ள மாணவர் அதைக் கேட்டு ஒதுங்கி நிற்கிறார். தயக்கமில்லாதவர் முன்னே போய்விடுகிறார். இந்த வேறுபாட்டை ஒரு ஆசிரியர் வகுப்பில் பத்து நிமிடம் விளக்கினாலே பல பிள்ளைகளின் கூச்சம் விலகும்.

என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன். ஆய்வகத்தைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்பது, அலமாரியைத் திறந்து விடுங்கள் என்பதே. கருவிகள் கெட்டுப்போகும் என்று அஞ்ச வேண்டாம். நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கழித்துக்கட்டும் பழைய சுவிட்சுகள் படிப்பதற்குத் தாராளமாகப் போதும். நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவும் பாக்கெட் டிரேசரை இலவசமாகப் பெறலாம்; ஓடும் தகவலைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் அப்படியே. செய்முறைத் தேர்வில் நல்ல நிலையில் இருக்கும் நெட்வொர்க்கைப் படமாக வரையச் சொல்வதற்குப் பதிலாக, ஆசிரியர் வேண்டுமென்றே கெடுத்துவைத்த ஒரு நெட்வொர்க்கை மாணவர் முன் வையுங்கள். ஒரு போர்ட்டைத் தவறான விலேனில் (சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனிக் குழுவில்) போடுங்கள், முகவரி எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க்கை மாற்றிவிடுங்கள், தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியில் ஓர் எண்ணைத் திருத்திவிடுங்கள். அவர் எதை முதலில் பார்த்தார், ஏன் அதைப் பார்த்தார் என்று எழுதித் தருவதற்கு மதிப்பெண் கொடுங்கள். கல்லூரியின் சொந்த நெட்வொர்க்கைப் பராமரிப்பவரோடு பருவத்துக்கு நான்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டால், அதைவிடச் சிறந்த ஆய்வகம் வேறு இல்லை.

மனிதர்களைப் பொறுத்தவரை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிமுகம் என்றதும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பெரிய பதவிக்காரர்களை மேடையேற்றும் விழாக்களை நினைக்க வேண்டாம். அவற்றில் மாணவர் கைதட்டுவார். கேள்வி கேட்க மாட்டார். உங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தவர் இன்று ஃபைபர் இணைப்பு கொடுக்கிறார். அவரிடம் இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையிலும் கூட்டுறவு வங்கியிலும் சர்க்கரை ஆலையிலும் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் தனி ஆளாக, பேச்சுத்துணைகூட இல்லாமல் இருக்கிறார். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் டான்ஃபிநெட் திட்டத்தின் கம்பிகள் உங்கள் கல்லூரி வாசல் வழியாகவே போகின்றன. இவர்களைப் பருவத்துக்கு ஒரு முறை, கல்லூரி நேரத்துக்குள், ஆய்வகத்துக்கே வரவழைத்து, ஒரு மேசைக்கு ஐந்து மாணவர்கள் என்று உட்கார வையுங்கள். கல்லூரி நேரத்துக்குள் என்று சொல்வதற்குக் காரணம் மாணவியர். மாலைக்குப் பிறகு நடக்கும் எதுவும் அவர்களில் பாதிப் பேருக்குக் கிடைக்காது.

முன்னாள் மாணவர் பதிவேடு ஒன்றை உயிரோடு வைத்திருங்கள். முன்னாள் மாணவர் சங்கம் என்றால் நன்கொடை என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். யார் எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறார், ஆண்டுக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு விடை சொல்ல ஒப்புக்கொள்கிறாரா என்ற இரண்டு விவரங்கள் போதும். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. அங்கே உங்கள் மாணவரின் சாதியையோ அப்பாவின் வேலையையோ யாரும் கேட்பதில்லை. முதல் முறை ஓர் ஆசிரியர் கூட்டிப்போனால் அடுத்த முறை அவர்களே போவார்கள்.

எல்லாவற்றையும்விட, கேட்கக் கற்றுக்கொடுங்கள். "சார், நெட் வரலை" என்பது கேள்வி ஆகாது. என்ன செய்ய முயன்றேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது, இதுவரை எவற்றைச் சோதித்துவிட்டேன் என்று நான்கு வரிகளில் எழுதத் தெரிந்த மாணவருக்கு முன்பின் தெரியாதவர்கூட உதவுவார், நானே உதவியிருக்கிறேன். உதவி கிடைத்த பிறகு, "நீங்கள் சொன்னபடி செய்தேன், இன்ன இடத்தில்தான் பழுது இருந்தது" என்று ஒரு வரி திருப்பி எழுதுவதையும் சேர்த்தே பழக்குங்கள். பலர் வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை எழுதியவரின் பெயர், எங்கள் குழுவில் ஓர் இடம் காலியாகும்போது என் நினைவுக்குத் தானாகவே வருகிறது. பழுது பார்ப்பவர் எழுத வேண்டிய அறிக்கையும் இதே வடிவம்தான் என்பதால், தனியாக ஒரு பாடவேளைகூட ஒதுக்க வேண்டியதில்லை.

கூடுதல் வேலையை உங்கள் தலையில் சுமத்துகிறேன் என்பதை அறிவேன். ஆசிரியர் பற்றாக்குறையும், சேர்க்கைக் குறைவும், ஆய்வுக்குழு வருகைகளும் உங்கள் நாள்களை எப்படித் தின்கின்றன என்பதை என்னோடு படித்து இன்று விரிவுரையாளராக இருக்கும் நண்பர் வழியாகக் கேட்டு வருகிறேன். அதனால் வெறும் யோசனையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமையை நான் ஒதுக்கத் தயாராக இருக்கிறேன். பயணச் செலவு என்னுடையது; பழைய சுவிட்சுகள் மூன்றும் கேபிள் டெஸ்டர் ஒன்றும் கொண்டுவருகிறேன். இந்த மடலை எழுத உட்காருவதற்கு முன் அந்த லைன்மேனைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓய்வு பெற்று ஊரில்தான் இருக்கிறார். விவரம் சொன்னதும், "பசங்க முன்னாடி நான் என்ன பேசுறது தம்பி" என்று முதலில் தயங்கினார். பேச வேண்டாம், ஒரு லூப்பைப் போட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள், கண்டுபிடிக்கட்டும் என்றேன். வருவதாக ஒப்புக்கொண்டார். அழைக்க விரும்பும் கல்லூரியிடம் நாங்கள் இருவரும் கேட்பது ஒன்றுதான்: அன்று மட்டுமாவது ஆய்வகத்தை நான்கு மணிக்குப் பூட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டயப் படிப்பு படித்த ஒரு நெட்வொர்க் பொறியாளர்,
சென்னை.